எண்ணத் தெரிந்த குழந்தைக்கு ‘எத்தனை’ தெரியுமா? எண்ணும் படப்புத்தகங்களைப் படிக்கும் முறை

என் மகள் மூன்று வயது நிரம்பும் முன்பே பத்து வரை சொல்லுவாள். அப்போது எங்களிடம் ஒரு படப்புத்தகம் இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் ஒரு குளம், கரையில் ஐந்து தவளைகள். ஒவ்வொரு தவளையின் மேலும் விரல் வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று பிசகாமல் எண்ணி முடித்தாள். "சரி, மொத்தம் எத்தனை தவளை இருக்கு?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடியும் முதல் தவளையிலிருந்து தொடங்கினாள். திரும்பக் கேட்டேன், திரும்ப எண்ணினாள். எத்தனை என்று யாராவது கேட்டால் எண்ண வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. எண்ணி முடித்ததும் வாயில் கடைசியாக வந்த "அஞ்சு"தான் அந்தக் கேள்விக்கு விடை என்பது தெரிந்திருக்கவில்லை.

பெரும்பாலான குழந்தைகள் இந்த இடத்தில் பல மாதங்கள் நிற்கிறார்கள். எண்ணும் படப்புத்தகத்துக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஒன்று முதல் பத்து வரை வரிசையாகச் சொல்லப் பழக்குவதற்குப் புத்தகம் வேண்டியதில்லை, ஒரு பாட்டு போதும். அந்தச் சொற்களில் ஒவ்வொன்றும் ஓர் அளவைக் குறிக்கிறது என்று புரிய வைப்பதற்குத்தான் படம் தேவைப்படுகிறது.

எண்ணுதல் என்ற ஒரு செயலுக்குள் எத்தனை விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை ரோச்செல் கெல்மன், சார்ல்ஸ் கேலிஸ்டெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இல் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரே ஒரு சொல், எதையும் விடக்கூடாது, எதையும் இரண்டு முறை தொடக்கூடாது. சொற்களின் வரிசை ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன சொல்லே மொத்தம். இவை மூன்றும் எப்படி எண்ணுவது என்பதைப் பற்றியவை. மிச்சம் இரண்டு: எதை வேண்டுமானாலும் எண்ணலாம், எந்த முனையிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். நமக்கு இந்த ஐந்தும் ஒன்றாகக் கலந்து போய்விட்டதால், குழந்தைக்கு இவை தனித்தனியாக வருகின்றன என்பது கண்ணில் படுவதில்லை.

முதல் விஷயமே சின்னது இல்லை. விரலும் வாயும் ஒரே வேகத்தில் போக வேண்டும். தமிழில் இதற்குள் ஒரு சிறு சிக்கல் இருக்கிறது. நம்முடைய எண்களில் பத்து வரை ஓரசைச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. "ஏ-ழு" என்று இழுத்துச் சொல்லும்போது என் மகள் 'ஏ'வுக்கு ஒரு வாத்தையும் 'ழு'வுக்கு அடுத்த வாத்தையும் தொட்டுவிடுவாள். அவள் தப்பாக எண்ணுகிறாள் என்று முதலில் நினைத்தேன். உண்மையில் ஒரு துடிப்புக்கு ஒரு தொடுதல் என்று மிகச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தாள். சொல் எங்கே முடிகிறது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. அவள் விரலை என் கைக்குள் வைத்துக்கொண்டு, சொல் முழுசாக முடிந்த பிறகே அடுத்த வாத்துக்கு நகர்த்தினேன். சில வாரங்களில் சரியாகிவிட்டது.

இனி அந்தக் கடைசிச் சொல் விவகாரம். கேரன் வின் என்ற ஆய்வாளர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. குழந்தையிடம் பொம்மைகளைக் கொடுத்து "ஒன்று கொடு", "மூன்று கொடு" என்று கேட்டுப் பார்ப்பதுதான் முறை. பத்து வரை மணிமணியாகச் சொல்லும் குழந்தை, "மூன்று கொடு" என்றால் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். முதலில் "ஒன்று" மட்டும் புரிகிறது, மற்றதெல்லாம் 'நிறைய'. அப்புறம் சில மாதங்கள் கழித்து "இரண்டு". பிறகு "மூன்று". சில குழந்தைகளுக்கு "நான்கு"ம் தனியாக ஒரு படி. இப்படி ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறிய குழந்தைக்கு, பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதையொட்டி, ஒரு நாள் முழு விஷயமும் பிடிபட்டுவிடுகிறது: எண்ணினால் கடைசியில் வரும் சொல்தான் அளவு. அதன்பின் ஐந்து, ஆறு, ஏழு என்று தனித்தனியாகக் கற்க வேண்டியதில்லை. எண்ணத் தெரிந்த தூரம் வரை எல்லாம் புரிந்துவிடும்.

வீட்டில் இதைப் பார்ப்பது எளிது. பத்துப் பொத்தான்களைத் தரையில் பரப்பி, விளையாட்டுப் போலவே "எனக்கு ரெண்டு தா", "இப்போ மூணு தா" என்று கேளுங்கள். எந்த எண்ணில் அள்ளிக் கொடுக்கத் தொடங்குகிறதோ, குழந்தை அந்த எண்ணுக்கு முந்தைய படியில் நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் எந்தப் புத்தகம், அதில் எந்தப் பக்கம் என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

இந்த இடத்தில் ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நேரடியாக எண்ணும் படப்புத்தகங்களையே சோதித்தது. டொமினிக் கிப்சன், எலிசபெத் கண்டர்சன், சூசன் லெவின் ஆகியோர் 2020-இல் வெளியிட்டது. இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள 100 குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்களே தயாரித்த புத்தகங்களைக் கொடுத்து, நான்கு வாரம் தினமும் படிக்கச் சொன்னார்கள். சிலருக்கு 1 முதல் 3 வரை மட்டும் உள்ள புத்தகம், சிலருக்கு 4 முதல் 6 வரை, சிலருக்கு எண்ணே இல்லாத புத்தகம். சிறிய எண்கள் கொண்ட புத்தகமே குறிப்பாக நன்றாகப் பலன் தந்தது. பெரிய எண் புத்தகத்தால் பயன் பெற்றவர்கள், ஏற்கெனவே சில படிகள் ஏறியிருந்த குழந்தைகள்.

நாமோ புத்தகத்தைக் கையில் எடுத்ததும் பத்தாவது பக்கத்தை நோக்கி ஓடுகிறோம். பத்து வரை உள்ள புத்தகம் என்றால் பத்து வரை போக வேண்டும் என்று நாமே ஒரு சட்டம் போட்டுக்கொள்கிறோம். இரண்டரை வயதுக் குழந்தையோடு முதல் மூன்று பக்கங்களிலேயே ஒரு மாதம் இருந்தால் எந்த நஷ்டமும் இல்லை. மற்ற பக்கங்களைக் கதையாக, படமாகப் புரட்டிவிட்டுப் போகலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. மூன்று, நான்கு பொருள்கள் வரை பெரியவர்களும் எண்ணுவதே இல்லை. பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. மூன்று பறவைகளைப் பார்த்து யாரும் ஒன்று, இரண்டு என்று விரல் விடுவதில்லை. இந்தத் திறனின் தொடக்கம் குழந்தையிடமும் இருக்கிறது. அதனால் சிறிய எண்களில் மட்டும் அதற்கு இரண்டு வழியிலும் விடை கிடைக்கிறது: கண் "மூணு" என்கிறது, எண்ணி முடித்த வாயும் "மூணு" என்கிறது. இரண்டும் ஒத்துப்போவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போதுதான் எண்ணுவதன் பொருள் புலப்படுகிறது. எட்டு மீன்கள் உள்ள பக்கத்தில் கண் எதுவும் சொல்லாது. அங்கே எண்ணுதல் வெறும் சடங்காகிவிடும்.

படிக்கும் முறை

ஒரு பக்கத்தில் இரண்டு விஷயங்களைச் செய்ய முடியும். மொத்தத்தைச் சொல்லலாம்: "பார், மூணு பூனை." அல்லது எண்ணலாம்: "ஒண்ணு, ரெண்டு, மூணு." பெரும்பாலான வீடுகளில் இந்த இரண்டில் ஏதோ ஒன்றுதான் நடக்கிறது. கெல்லி மிக்ஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2012-இல் கண்டது இது: மொத்தத்தைச் சொல்லி, உடனே அதே பொருள்களை எண்ணியும் காட்டியபோது மூன்றரை வயதுக் குழந்தைகளிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. வெறுமனே எண்ணிக் காட்டியதோ, வெறுமனே மொத்தம் சொன்னதோ அந்தப் பலனைத் தரவில்லை.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். பக்கத்தைத் திருப்பியதும் "ஆஹா, மூணு பூனை!" அதன்பின் விரலை வைத்து "ஒண்ணு, ரெண்டு, மூணு." உடனே உள்ளங்கையால் மூன்றையும் சேர்த்து வட்டமிட்டு, "மூணு பூனை." அந்த வட்டமிடுதலை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். எண்ணும்போது "மூணு" என்ற சொல் மூன்றாவது பூனையின் மேல் மட்டும் விழுகிறது. மூன்றாவது பூனையின் பெயர்தான் மூணு என்று குழந்தை நினைத்தால் அதைக் குறை சொல்ல முடியாது. கையால் எல்லாவற்றையும் அணைத்துக் காட்டும்போது அந்தச் சொல் ஒரு பூனையைவிட்டுக் கூட்டத்துக்கு மாறுகிறது.

"எத்தனை?" என்று கேட்பதைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளிப்போடுங்கள். மடியில் உட்கார்ந்து படம் பார்க்கும் நேரம் தேர்வு அறையாக மாறினால் குழந்தை புத்தகத்தை மூடிவிட்டுப் போய்விடும். நாமே சொல்லி, நாமே எண்ணி, நாமே வட்டமிட்டுக்கொண்டிருந்தால் போதும். ஒரு நாள் நாம் வாய் திறக்கும் முன் அது சொல்லும். தப்பாகச் சொன்னால் "இல்லை" என்று தொடங்காமல், "வா, சேர்ந்து எண்ணிப் பார்க்கலாம்" என்று விரலை நீட்டலாம்.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது குழந்தைகளின் இயல்பு. இருபதாவது முறை படிக்கும்போது நமக்குத்தான் அலுப்பு. அந்த முறை ஒரு மாற்றம் செய்து பாருங்கள்: வலது ஓரத்துப் பூனையிலிருந்து எண்ணுங்கள். அப்போதும் மூன்றுதான் வருகிறது. எங்கிருந்து தொடங்கினாலும் விடை ஒன்றே என்பது ஒரு மூன்றரை வயதுக் குழந்தைக்குப் பெரிய செய்தி.

தமிழில் எண்ணும்போது

மற்ற மொழிகளில் வரும் ஆலோசனைகளில் இருக்காத சில விஷயங்கள் நமக்கு உண்டு.

புத்தகத்தில் "மூன்று" என்று அச்சாகியிருக்கும். வாயில் வருவது "மூணு". இரண்டு - ரெண்டு, நான்கு - நாலு, ஐந்து - அஞ்சு. வரிசையை இன்னும் உறுதியாகப் பிடிக்காத குழந்தைக்கு ஒரே அளவுக்கு இரண்டு பெயர்கள் தருவது வீண் சுமை. இரண்டு, மூன்று வயதில் வீட்டில் புழங்கும் வடிவத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. புத்தகத்தில் உள்ளதை அப்படியே வாசிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. நான்கு வயதுக்கு மேல், 'எத்தனை' நன்றாகப் பிடிபட்டபின், "மூணைப் புத்தகத்தில் மூன்று என்று எழுதுவார்கள்" என்றால் குழந்தை அதை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், ஒன்று என்பது பெயருக்கு முன்னால் வரும்போது 'ஒரு' ஆகிவிடுகிறது. பக்கத்தில் "ஒரு நிலா" என்றிருக்கும், எண்ணும்போது "ஒண்ணு" என்போம். இரண்டும் உறவு என்பது நமக்குத் தெரியும், குழந்தைக்குத் தெரியாது. "ஒரு நிலா. ஒண்ணே ஒண்ணு" என்று சேர்த்துச் சொன்னால் போதும். செய்யுள் நடையில் எழுதும் சிலர் "இரு கிளிகள்" என்று போட்டுவிடுகிறார்கள். சின்னக் குழந்தைக்கு 'இரு' என்றால் 'பொறு' என்று பொருள்! அந்த இடத்தில் தயங்காமல் "ரெண்டு கிளி" என்று மாற்றிப் படிக்கலாம். மனிதர்கள் வரும் பக்கத்தில் "மூவர், நால்வர்" என்று இருந்தாலும் அதே வழிதான்: "மூணு பேர், நாலு பேர்."

பன்மை விகுதியும் இங்கே வருகிறது. ஒருமை, பன்மை வேறுபாட்டைக் கட்டாயமாகக் காட்டும் ஆங்கிலம், ரஷ்யன் போன்ற மொழிகளைப் பேசும் குழந்தைகள், அப்படிக் கட்டாயம் இல்லாத ஜப்பானியம் பேசும் குழந்தைகளைவிடச் சிறிய எண்களின் பொருளைச் சற்று முன்னதாகவே பிடிக்கிறார்கள் என்று 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஸ்லோவேனிய மொழியிலும் அரபியிலும் இரண்டுக்கென்றே தனி விகுதி உண்டு. அவற்றைப் பேசும் குழந்தைகளுக்கு 'இரண்டு' சீக்கிரம் வசப்படுகிறது என்பது 2013-இல் தெரியவந்தது. தமிழில் எண்ணுக்குப் பின்னால் 'கள்' வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. பேச்சில் "ரெண்டு பூனை" என்றே சொல்கிறோம். இதிலிருந்து நானாக எடுத்துக்கொண்ட பழக்கம் ஒன்று: முதல் பக்கத்தில் "ஒரு பூனை", அடுத்ததில் "ரெண்டு பூனைங்க" என்று விகுதியை விடாமல் சொல்வது. ஒன்றுக்கும் பலவற்றுக்கும் உள்ள வேறுபாடு காதிலும் விழட்டும் என்றுதான்.

பத்தைத் தாண்டினால் தமிழ் நமக்கு உதவி செய்கிறது. பதினொன்றில் பத்தும் ஒன்றும் காதுக்குக் கேட்கின்றன. ஆங்கிலத்தின் லெவன், ட்வெல்வ் இரண்டிலும் பத்தைத் தேடினாலும் கிடைக்காது. பத்து வரை எண்ணுவதில் சீனக் குழந்தைகளுக்கும் அமெரிக்கக் குழந்தைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, பத்தைத் தாண்டியதும் அமெரிக்கக் குழந்தைகள் பின்தங்கினார்கள் என்று 1995-இல் வந்த ஓர் ஒப்பீடு சொல்கிறது. சீன மொழியில் பதினொன்று என்பது அப்படியே 'பத்து ஒன்று'. நமக்கு இடறும் இடம் வெகுதூரம் தள்ளி, தொண்ணூறில் வருகிறது. எண்பதுக்கு அடுத்ததன் பெயருக்குள் நூறு உட்கார்ந்திருப்பது எந்தக் குழந்தையையும் குழப்பும். ஆனால் அது படப்புத்தக வயதின் கவலை இல்லை.

வீட்டில் ஒன், டூ, த்ரீயும் ஒண்ணு, ரெண்டு, மூணும் கலந்து புழங்கினால்? இருமொழிக் குழந்தைகளிடம் 2015-இல் நடந்த ஆய்வு ஒன்று ஆறுதலான செய்தி தருகிறது. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய சொற்களின் பொருளைக் குழந்தைகள் ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாகத்தான் கற்கிறார்கள். ஆனால் 'கடைசிச் சொல்லே மொத்தம்' என்ற அறிவு ஒரு மொழியில் வந்துவிட்டால் மற்ற மொழிக்கும் தாவிவிடுகிறது. எனவே எந்த மொழியில் என்று கவலைப்பட வேண்டாம். ஒரு புத்தகத்தை ஒரு மொழியிலேயே எண்ணுங்கள், பாதியில் மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது

அழகான புத்தகம் எல்லாம் எண்ணுவதற்கு நல்ல புத்தகம் ஆகாது. என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது, படங்கள் கண்ணைப் பறிக்கும். நான்கு வாத்துகள் என்ற பக்கத்தில் குளத்து நீரில் நான்கு வாத்துகளின் நிழலும் அத்தனை தெளிவாக வரையப்பட்டிருக்கும். மேலே மூன்று பட்டாம்பூச்சிகள், கரையில் ஒரு நத்தை. என் மகள் எல்லாவற்றையும் எண்ணினாள். அவள் மேல் என்ன தப்பு? எதை எண்ண வேண்டும் என்று அந்தப் பக்கம் சொல்லவே இல்லையே.

எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள். எதை எண்ணுவது என்று நீங்களே ஒரு நொடி தயங்கினால், தொடக்க நிலைக் குழந்தைக்கு அந்தப் பக்கம் வேண்டாம். எண்ண வேண்டியவை ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல், விரல் வைக்க இடம் விட்டு இருக்க வேண்டும். எண் வடிவமும் படமும் ஒரே பார்வைக்குள் வருமாறு அடுத்தடுத்து இருந்தால் நல்லது. மடிப்பைத் திறந்தால் பொம்மை எட்டிப் பார்க்கும் வகைப் புத்தகங்களில் குழந்தையின் கவனம் மடிப்போடு போய்விடுகிறது. அவற்றை விளையாட வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் புத்தகங்களில் பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்றில் பக்கத்துக்குப் பக்கம் பொருள் மாறும்: ஒரு நிலா, இரண்டு பூனை, மூன்று குடை. மற்றதில் அதே காட்சிக்குள் ஒவ்வொன்றாகக் கூடும்: கிளையில் ஒரு குருவி, அடுத்த பக்கத்தில் இன்னொரு குருவி வந்து சேர்கிறது. முதல் வகை, எதை வேண்டுமானாலும் எண்ணலாம் என்பதைச் சொல்கிறது. யானையும் ஒன்று, எறும்பும் ஒன்று என்பது குழந்தைக்கு உண்மையிலேயே வியப்பு. இரண்டாவது வகை, அடுத்த எண் என்றால் 'இன்னும் ஒன்று' என்று பொருள் என்பதைக் காட்டுகிறது. ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் இரண்டாவதை எடுப்பேன். பக்கத்தைத் திருப்பும் கையே அங்கே கூட்டல் செய்கிறது.

இறங்கு வரிசையில் எண்ணும் புத்தகங்களை, அதாவது ஐந்து குருவிகளில் ஒவ்வொன்றாகப் பறந்து போவதை, 'எத்தனை' பிடிபட்ட பிறகு எடுப்பது நல்லது. அவற்றின் கடைசிப் பக்கம் ஓர் அருமையான இடத்துக்குக் கொண்டுபோகும்: வெறும் கிளை. "எத்தனை குருவி?" "ஒண்ணுமில்ல." தமிழ்க் குழந்தை பூஜ்யத்தைப் பள்ளிக்குப் போகும் முன்பே இப்படிச் சொல்லிவிடுகிறது. ஒன்றுகூட இல்லை என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஜப்பானிய ஓவியர் மிட்சுமாசா அன்னோ சொற்களே இல்லாமல் உருவாக்கிய எண்ணும் புத்தகம், ஒன்றிலிருந்து தொடங்காமல் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. முதல் காட்சியில் பனி மூடிய வெற்று நிலம்தான். அடுத்த காட்சியில் ஒரு வீடு, ஒரு மரம் என்று ஒவ்வொன்றாக வரும். காலியான இடத்தையும் ஓர் எண்ணாகப் பார்க்க வைத்த அந்தத் தொடக்கத்தை நான் எத்தனை முறை பார்த்தாலும் வியக்கிறேன்.

கடைசியாக, நல்ல புத்தகம் கையில் கிடைக்கவில்லையென்றால் நீங்களே செய்யலாம். இரண்டு தாளை மடித்து நடுவில் பின் அடித்தால் எட்டுப் பக்கம். அட்டையும் சேர்த்துத்தான், ஆனால் நமக்கு வேண்டியது அதைவிடக் குறைவு. உள்ளே முதல் பக்கத்தில் குழந்தையின் சட்டைப் பொத்தான் ஒன்றை வரையுங்கள், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. ஓவியம் வராதவர்கள் வண்ணத் தாளில் வட்டம் வெட்டி ஒட்டலாம், குழந்தைக்கு அது பொத்தான்தான். பக்கத்தின் மூலையில் 1, 2, 3 என்று பெரிதாக எழுதுங்கள். மீதிப் பக்கங்களைக் காலியாகவே விட்டுவிடுங்கள். "மூணு தா" என்று கேட்டு மூன்று பொத்தான் சரியாக உங்கள் கைக்கு வந்த அன்று, நான்காவது பக்கத்தைத் திறந்து பசையை அதன் கையில் கொடுங்கள்.